கடத்தப்பட்டவர்: ஒருவர்

துபாய்க்குப் போகிறேன் என்றதும் எங்கள் தெருவில் கேட்ட முதல் கேள்வி, "தங்கம் எடுக்கவா?" இரண்டாவது கேள்வி, "எத்தனை பெட்டி கொண்டுவரலாம்?" எனக்குத் தங்கம் எடுக்கும் வசதியும் இல்லை, பெட்டி தூக்கும் தெம்பும் இல்லை. ஆபீஸ் வேலை என்று சொல்லி நழுவிவிட்டேன். என்ன வேலை என்று விவரமாகச் சொல்லியிருந்தால் இரண்டாவது கேள்வியே வந்திருக்காது.

என் வேலை, செத்தவர்களை எண்ணுவது. சகாராவை ஒட்டிய ஒரு நாட்டில் ஆயுதக் குழுக்கள் கிராமங்களையும் சாலைகளையும் தாக்கிக்கொண்டே இருக்கின்றன. எங்கே தாக்குதல், யார் தாக்கினார்கள், எத்தனை பேர் செத்தார்கள், எத்தனை பேரைக் கடத்தினார்கள் என்று தொடர்ந்து பதிவு செய்கிற ஒரு சின்ன அமைப்புக்காகப் புதுச்சேரியில் என் வீட்டில் உட்கார்ந்து உழைக்கிறேன். அந்த நாட்டில் பிரெஞ்சு புழங்குகிறது. எனக்குப் பள்ளிக்கூடத்தில் கன்னியாஸ்திரீகள் பிரம்பால் புகட்டிய பிரெஞ்சு இருக்கிறது. அது ஒன்றுதான் தகுதி. காபி ஆறுவதற்குள் அன்றைய வானொலிச் செய்தி, உள்ளூர்ப் பத்திரிகை, ஊர்க்காரர்களின் வாட்ஸ்அப் குழு எல்லாவற்றையும் பார்த்துவிடுவேன். பிறகு இணையத்தில் இருக்கும் எங்கள் அட்டவணையில் ஒரு வரி சேர்ப்பேன். நாட்டின் பெயரை எழுதப்போவதில்லை. அங்கே இன்னும் வாழ வேண்டிய ஒருவருக்கு அப்படி வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

எங்களுக்கு ஒரு விதி உண்டு. ஒருவர் சொன்னால் அது செய்தி. ஒருவரையொருவர் அறியாத இரண்டு பேர் சொன்னால்தான் உறுதி. இந்த விதி ஒன்றுதான் என்னை விமானம் ஏற்றியது.

சில மாதங்களுக்கு முன்னால் ஒரு தாக்குதல். மின்கம்பிப் பாதை போடப் போன தொழிலாளர்களின் வேனையும், அது நின்றிருந்த சாலையோரக் கடையையும் சுட்டுத் தள்ளியிருந்தார்கள். வேனில் போன வெளிநாட்டவர் ஐந்து பேர் என்றது அவர்களைத் துபாயிலிருந்து அனுப்பிய கம்பெனி. நான்கு உடல்களைத் தலைநகருக்குக் கொண்டுவந்தது ராணுவம். ஐந்தாவது ஆளைக் கடத்திவிட்டார்கள் என்றும் சொன்னது. எங்கள் அட்டவணையில் அந்த வரி இப்படி இருந்தது: இறந்தவர்கள் உள்ளூர்க்காரர் ஆறு, வெளிநாட்டவர் நான்கு, மொத்தம் பத்து. கடத்தப்பட்டவர் ஒருவர். இதில் கடத்தல் மட்டும் ராணுவத்தின் ஒற்றை வாய்ச் சொல். எந்தக் குழுவும் பொறுப்பேற்கவில்லை, யாரும் பேரம் பேச வரவில்லை.

அந்தச் சாலையில் அன்று லாரியோடு மாட்டிக்கொண்ட ஒருவர், நடந்ததைச் சொல்லத் தயார், ஆனால் சொந்த நாட்டில் வாயைத் திறக்க மாட்டேன் என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருந்தார். அவர் பழைய லாரி உதிரிபாகம் வாங்க அடிக்கடி ஷார்ஜா வருகிறவர். எங்கள் அமைப்பில் ஷார்ஜாவுக்குப் பக்கத்தில் இருப்பவள் நான்தான். பக்கம் என்றால் நான்கு மணி நேர விமானம்.

*

இறங்கிய நாள் வெள்ளிக்கிழமை. விமான நிலையத்துக் கண்ணாடிக் கதவு திறந்ததும் இட்லிப் பானையைத் திறந்த மாதிரி முகத்தில் ஆவி அடித்தது. மே மாதப் புதுச்சேரியில் வளர்ந்தவள் என்ற திமிரெல்லாம் டாக்ஸி வரிசைக்குப் போவதற்குள் அடங்கிவிட்டது.

சாயங்காலம் அல் கூஸ் என்ற பகுதிக்குப் போக வேண்டியிருந்தது. டாக்ஸிக்காரர் பெஷாவர் பக்கத்துக்காரர். இடத்தைச் சொன்னதும் கண்ணாடியில் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு நேராகக் கொண்டுபோய் ஓர் ஓவியக் கூடத்தின் வாசலில் இறக்கினார். வெள்ளைச் சுவர், வெள்ளை நாற்காலி, வெள்ளைக் கோப்பையில் காபி குடிக்கிற வெள்ளை மனிதர்கள். "இது இல்லை பாய், லேபர் கேம்ப்" என்றேன். அவர் குழம்பிப்போனார். "லேடீஸ் அல் கூஸ் என்றால் இங்கேதானே வருவார்கள்" என்று உருதுவில் சொல்லிக்கொண்டே வண்டியைத் திருப்பினார். நாலு தெரு தள்ளித்தான் நான் தேடிய அல் கூஸ் இருந்தது. கிடங்குகள், பட்டறைகள், ஜன்னலுக்கு ஜன்னல் துணி காயும் கட்டடங்கள். பஸ்கள் வந்து நின்று ஆட்களைக் கொட்டிக்கொண்டிருந்தன. உள்ளே இன்னும் சிலர் முன்சீட்டில் நெற்றியை முட்டுக்கொடுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

காஜா காக்காவின் கஃபட்டீரியா அங்கேதான். கீழக்கரைக்காரர், அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள். அறுபது வயது. யார் செத்தாலும் தூதரகத்துக்கும் பிணவறைக்கும் அலைந்து உடலை ஊருக்கு ஏற்றிவிடுவது அவருக்குத் தொழில் இல்லை, பழக்கம். ஊரிலிருந்தே போனில் பேசியிருந்தேன். அந்த நான்கு பேரின் உடல்களும் அவரவர் ஊர் போய்ச் சேர்ந்தாயிற்று என்றும், மிச்சமிருப்பவன் பெரம்பலூர்ப் பக்கத்துப் பழனிவேல், அவனுடைய அண்ணன் இங்கேதான் ஒரு கிடங்கில் இருக்கிறார் என்றும் அவர்தான் சொன்னார்.

கடை முழுக்க ஆண்கள். நான் நுழைந்ததும் டிவி சத்தம்கூடக் குறைந்த மாதிரி இருந்தது. காக்கா கல்லாவுக்குப் பின்னால், ஜூஸ் மிஷினுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டார். "இங்கன உக்காருங்க தங்கச்சி. இதுதான் நம்ம ஃபேமிலி ரூமு." கரக் சாயாவும், முட்டையைப் பரப்பிச் சுருட்டிய பரோட்டாவும் வந்தன. சாயாவில் ஏலக்காயும் சர்க்கரையும் போட்டி போட்டன. நான் வீட்டில் சர்க்கரை இல்லாமல் குடிக்கிறவள். அங்கே சத்தம் போடாமல் இரண்டு டம்ளர் குடித்தேன்.

முருகேசன் டியூட்டி முடித்து, குளித்து, சலவைச் சட்டை போட்டு வந்தார். கழுத்தில் பவுடர் தெரிந்தது. கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். நாற்பதைத் தொடுகிற வயது. கையைக் கட்டிக்கொண்டு நின்றார். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"மேடம், அந்த டேபிள் போடறது நீங்கதானா? பாய் சொன்னாரு. நான் வெள்ளைக்காரங்க யாரோ போடறாங்கன்னு நெனச்சேன்."

போனை நீட்டினார். எங்கள் அட்டவணை, மொழிபெயர்ப்புச் செயலி குதறிய தமிழில். அந்த வரியிலேயே நின்றது. தினமும் ராத்திரி வீட்டுக்குப் பேசும்போது அதைத் திறந்து அம்மாவுக்குப் படித்துக் காட்டுவாராம்.

எங்கள் அட்டவணையைப் படிக்கிறவர்கள் யார் என்று எனக்கு ஒரு கற்பனை உண்டு. பேராசிரியர், தூதரக அதிகாரி, பத்திரிகைக்காரர். அல் கூஸில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற ஒருவர் தினமும் படிக்கிறார், பெரம்பலூர்ப் பக்கத்தில் ஒரு தாய் கேட்கிறாள் என்பது எனக்குத் தோன்றியதே இல்லை. வெட்கமாகவும் பயமாகவும் இருந்தது.

"கடத்தப்பட்டவர் ஒருவர்னு இருக்குல்ல மேடம், அது எங்க பழனிவேலு. ஆளு இருக்கானா இல்லையான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க. இருக்கான்னா எத்தன வருசம் ஆனாலும் காத்துக்கெடக்கோம். இல்லன்னா, அதுக்கு உண்டானத செய்யணும். ரெண்டுமில்லாம அந்தப் புள்ள படற பாடு பாக்க முடியல."

அந்தப் புள்ள என்றது பழனிவேலின் மனைவி கலாவை. போன மாதம் உறவில் ஒரு வளைகாப்பாம். குங்குமச் சிமிழ் வரிசையாக வந்து கலாவிடம் நின்றதாம். நீட்டிய பெண்மணி நீட்டவும் முடியாமல் இழுக்கவும் முடியாமல் அப்படியே நின்றுவிட்டாளாம். கலாதான் எழுந்து, தண்ணீர் குடிக்கப் போவதுபோல் வெளியே வந்துவிட்டாளாம். அதற்குப் பிறகு எந்த விசேஷத்துக்கும் போவதில்லை.

"கம்பெனியில அடையாளம் கேட்டாங்களா?" என்றேன்.

"கேட்டாங்க. வலது புருவத்துல தழும்பு. இடது முழங்கால்ல கறுப்பா ஒரு மச்சம். வேற ஒண்ணும் இல்ல மேடம்."

*

மறுநாள் ஷார்ஜா. மெட்ரோவில் பெண்கள் பெட்டி தனியாக இருப்பது தெரியாமல் ஆண்கள் நடுவில் ஏறி, மூன்று பேர் ஒரே சமயத்தில் இடம் கொடுக்க எழுந்து, எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றேன். பிறகு பஸ். துபாயும் ஷார்ஜாவும் ஒட்டிக்கொண்டிருக்கும் ஊர்கள் என்று வரைபடம் சொல்கிறது. பஸ் அப்படிச் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்த மலையாளி நர்ஸ், "இது தினசரி உள்ளதுதான் சேச்சி, ஒண்ணு உறங்கிக்கோ" என்று சொல்லிவிட்டுத் தானும் உறங்கினார்.

உதிரிபாகச் சந்தையில் கார்களை உரித்துப் போட்டிருந்தார்கள். கதவுகள் ஒரு மலை, இருக்கைகள் ஒரு மலை, மண்ணெல்லாம் கறுப்பு எண்ணெய். அதன் நடுவில் ஆப்பிரிக்காவின் பாதி நாடுகள் நின்று விலை பேசிக்கொண்டிருந்தன. இத்ரீஸ் ஒரு கியர்பாக்ஸின் மேல் உட்கார்ந்திருந்தார். ஒல்லியான உயரமான மனிதர். இது அவருடைய உண்மைப் பெயர் அல்ல.

என் பிரெஞ்சைக் கேட்டுவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். "பாடப்புத்தகம் நடந்து வருகிற மாதிரி இருக்கிறது, அம்மா. இந்தியாவில் யார் உங்களுக்கு இதைக் கற்றுக்கொடுத்தது?"

"உங்களுக்கு யார் கற்றுக்கொடுத்தார்களோ அவர்கள்தான்" என்றேன். அதற்கும் சிரித்தார். பின்தெருவில் அவருடைய நாட்டுப் பெண் ஒருத்தி நடத்தும் சாப்பாட்டுக் கடைக்கு அழைத்துப்போனார். ஒரே பெரிய தட்டில் சோறு, மேலே வேர்க்கடலையை அரைத்துக் காய்ச்சிய குழம்பு, அதில் ஒரு துண்டு மீன். கையால்தான் சாப்பாடு. பாதி உலகம் சுற்றி வந்தாலும் கையால் பிசைந்து சாப்பிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு உடனே உறவாகிவிடும். அவர் மீனைப் பிய்த்து என் பக்கம் தள்ளினார்.

சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். சத்தத்தைக் கேட்டு லாரியை மரங்களுக்குள் விட்டுவிட்டுப் படுத்துக்கொண்டது, சுட்டவர்கள் மோட்டார் சைக்கிள்களில் வந்தது, போகும்போது செத்தவர்களின் போன், பை எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டு போனது.

"யாரையாவது கொண்டுபோனார்களா?"

"இல்லை. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மோட்டார் சைக்கிளில் அவர்கள் மட்டும்தான். உயிரோடு யாரையும் கொண்டுபோகவில்லை."

கேள்வியை நிதானமாகக் கேட்க வேண்டும், பதிலை நாமே எடுத்துக் கொடுக்கக் கூடாது. இந்த வேலையில் முதலில் கற்றுக்கொடுப்பது அதுதான்.

"பிறகு?"

"கம்பெனி உடுப்புப் போட்டிருந்த நான்கு பேரை ராணுவம் ஏற்றிக்கொண்டது. மற்றவர்கள் எங்கள் ஆட்கள். அன்று பொழுது சாய்வதற்குள் நாங்களே அடக்கினோம். வேன் டிரைவர், காவலாள், கடைக்காரர், அவருடைய மகன், ரொட்டி வாங்க வந்த ஒருவர். எல்லாம் பெயர் தெரிந்தவர்கள். ஒருவனை மட்டும் யாருக்கும் தெரியவில்லை."

"அவரை உள்ளூர்க்காரர் என்று எப்படி முடிவு செய்தீர்கள்?"

இத்ரீஸ் தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார். "முகம் சிதைந்திருந்தது, அம்மா. எங்கள் ஊர் நீள அங்கி போட்டிருந்தான். அங்கிப் பாக்கெட்டில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. பெயர் ஏதாவது கிடைக்குமா என்று பெரியவர் ஒருவர் அங்கியைத் தூக்கிப் பார்த்தார். இடுப்பில் கறுப்புக் கயிறு. எங்கள் ஆண்களும் கட்டுவோம், காப்புக்கு. எங்களுடையதில் தோல் பை தைத்திருக்கும். இவனுடையதில் வெள்ளியில் சின்னக் குழாய். வடக்கே அப்படிக் கட்டுவார்கள் போலிருக்கிறது, வழிப்போக்கன், நம்ம பிள்ளைதான் என்றார் பெரியவர்."

பிசைந்த சோற்றோடு என் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

எங்கள் அமைப்பில் எத்தனையோ நாட்டுக்காரர்கள் இருக்கிறார்கள். இதை அவர்களில் யாரிடம் சொல்லியிருந்தாலும் குறித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போயிருப்பார்கள். அரைஞாண் கயிறு என்ற ஒன்றை எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற பிள்ளைகள் இடுப்பில் பார்த்து வளர்ந்தவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

"அந்த வெள்ளிக் குழாய் எப்படி இருந்தது?"

"சின்னது. அதன் ஒரு முனையில் டேப் சுற்றியிருந்தது. கரண்டு வேலைக்காரர்கள் வைத்திருப்பார்களே, பச்சையும் மஞ்சளும் சேர்ந்தது. வெள்ளிக்கு மேல் அதை ஏன் சுற்றினான் என்று எனக்கு அப்போதே தோன்றியது." என்னை நிமிர்ந்து பார்த்து, "அவன் உங்கள் ஆளா?" என்றார்.

"தெரியாது" என்றேன். அந்தப் பதில் விதிப்படி சரி. மனதுக்குத் தெரிந்துவிட்டிருந்தது. கால்களில் ஏதாவது அடையாளம் இருந்ததா என்று கேட்டேன், ரத்தமும் மண்ணும் அப்பிக் கிடந்ததில் ஒன்றும் தெரியவில்லை என்றார்.

அவர் கை கழுவி வந்து, கேட்காமலே மிச்சத்தைச் சொன்னார். அங்கே தண்ணீர்ப் பஞ்சம். குளிப்பாட்ட வழியில்லை. அவருடைய லாரியில் இருந்த குடிதண்ணீர் கேனை இறக்கி, ஆறு பேர் மேலும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார்கள். பெயர் தெரியாதவனுக்குத் தாய் தகப்பன் அங்கே இல்லையே என்று அவனுக்கு மட்டும் இரண்டு கை கூடுதலாக ஊற்றினாராம். கயிற்றை அறுத்து அவனோடேயே வைத்தார்கள். வரிசையில் நின்று தொழுதார்கள். மற்ற ஐந்து குழிகளுக்கும் ஆட்கள் வந்து அழுதார்கள். அந்தக் குழியில் அழ ஆள் இல்லை என்று கடைக்காரரின் மனைவி தன் புருஷனுக்கும் மகனுக்கும் அழுதுவிட்டு அங்கேயும் போய் உட்கார்ந்தாளாம்.

திரும்பி வரும் பஸ்ஸில் நான் அழுதேன். பக்கத்தில் இருந்த பிலிப்பினோப் பெண் காகிதக் கைக்குட்டை ஒன்றை நீட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

*

ஞாயிற்றுக்கிழமை முருகேசனுக்கு விடுமுறை. இத்ரீஸ் ஒரு வாய். இரண்டாவது வாய் முருகேசன். ஆனால் நான் கேள்வியைக் கேட்டாலே அவருக்குப் புரிந்துவிடும். பச்சை மஞ்சள் டேப் இருந்ததா என்று கேட்டால் அவர் ஆமாம் என்பார், அது சாட்சி ஆகாது. அவராகச் சொல்ல வேண்டும். ஒரு மனிதரின் வாயாலேயே அவருடைய தம்பியின் சாவைச் சொல்ல வைப்பது என்ன பிழைப்பு என்று என்மேலேயே எரிச்சல் வந்தது.

காக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு டிவியை அணைத்தார். சாப்பாட்டு நேரம் முடிந்து கடை காலியாகத்தான் இருந்தது. முருகேசன் வந்தார். இந்த முறை உட்கார்ந்தார்.

"அடையாளம் இன்னொரு தடவை சொல்றீங்களா?" என்றேன்.

"புருவத்துல தழும்பு, முழங்கால்ல மச்சம். சொன்னேனே மேடம்."

"உடம்புல ஏதாவது போட்டிருப்பாரா? கட்டியிருப்பாரா?"

"செயின், மோதிரம் எல்லாம் கெடையாது. சைட்டுல கரண்டு வேலை, போட வுட மாட்டாங்க. வெயிலுக்கு அந்த ஊரு அங்கி ஒண்ணு வாங்கிருக்கேன்னு போன்ல சொன்னான்."

"வேற?"

"வேற என்ன மேடம்... அரணாக்கயிறு கட்டிருப்பான். அது எல்லாருந்தான் கட்டுறோம். அதப் போயி அடையாளம்னு எப்பிடிச் சொல்றது?"

கம்பெனி கேட்டபோதும் அதனால்தான் சொல்லவில்லை. நானாக இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். மூக்கு இருக்கிறது, காது இருக்கிறது என்று யார் அடையாளம் எழுதுவார்கள்?

"அதுல ஏதாவது கோத்திருப்பாரா?"

"தாயத்து இருக்கும். சின்ன வயசுல வலிப்பு மாதிரி வந்துச்சுன்னு அம்மா மந்திரிச்சுக் கட்டுனது. வெள்ளி. போன லீவுல மூடி கழண்டு போச்சு. ஆசாரிகிட்ட குடுடான்னா கேக்கல. பையிலேருந்து எர்த் டேப்ப எடுத்து, பச்சை மஞ்சளா இருக்குமே, அத..."

விரலால் காற்றில் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். அந்த விரல் மட்டும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு அவருடைய கை தன் இடுப்புக்குப் போனது.

"அக்கா" என்றார். அதுவரை மேடம்தான். "இத ஏன் கேக்குறீங்க?"

சொன்னேன். இத்ரீஸ் சொன்னதை ஒன்று விடாமல், எதையும் பூசி மெழுகாமல் சொன்னேன். முகத்தைப் பற்றி மட்டும் வேகமாகக் கடந்துபோனேன். அவர் அழவில்லை. தண்ணீர் கேன் வந்த இடத்தில், "குளிப்பாட்டுனாங்களா?" என்று கேட்டார்.

"தண்ணி இல்ல. இருந்ததை ஊத்தினாங்க. இவருக்கு ரெண்டு கை கூடுதலா ஊத்தினதா சொன்னார்."

"யாரு எவருன்னு தெரியாமயா?"

"தெரியாமத்தான்."

காக்கா கல்லாவில் கையை ஊன்றிக்கொண்டு நின்றிருந்தார். "முருகேசு, கூட்டத்தோட நின்னு தொழுதுருக்காங்கப்பா. அனாதையா போவல உன் தம்பி" என்றார். அவர் குரல்தான் முதலில் உடைந்தது.

முருகேசன் எழுந்தார். சாவுச் செய்தி காதில் விழுந்தால் தலைக்கு ஊற்றிக்கொள்ள வேண்டும், எந்த ஊரில் இருந்தாலும். கடைக்குப் பின்னால் பாத்திரம் கழுவும் இடத்தில் ஒரு குழாய் இருந்தது. திறந்தார். மொட்டைமாடித் தொட்டியில் நாளெல்லாம் வெந்த தண்ணீர், கையை வைக்க முடியாத சூடு. அவர் வாளியை நிரப்பி அப்படியே தூக்கப் போனார். காக்கா ஓடிவந்து வாளியைப் பிடித்துக்கொண்டார். "கஞ்சித்தண்ணியா கொதிக்குது, தோலு உரிஞ்சுரும்டா. பொறு." உள்ளே போய், ஜூஸுக்கு வைத்திருந்த ஐஸ் மூட்டையை முதுகில் சுமந்து வந்து வாளியில் கவிழ்த்தார். கையால் கலக்கிப் பார்த்தார். அவரே மொண்டு முருகேசனின் தலையில் ஊற்றினார், சட்டையோடு. முதல் வாளி முடிந்ததும் இன்னொன்று. அப்போதுதான் முருகேசனுக்கு அழுகை வந்தது. குனிந்து சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் கதவருகில் நின்றேன். ஒரு துண்டைத் தேடி எடுத்து வைத்துக்கொண்டேன்.

ஈரத்தோடு வந்து உட்கார்ந்தபோது சாயங்காலம் ஆகியிருந்தது. காக்கா கறுப்புச் சாயா கொடுத்தார். முருகேசன் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"அந்த டேபிள்ல மாத்தணும்லக்கா? கம்பெனியில அதக் காட்டித்தான் கடத்திட்டாங்கன்னு சொல்றான். என் முன்னாடியே மாத்திருங்க."

போனில் திறந்தேன். கடத்தப்பட்டவர் ஒருவர் என்பதை எடுத்தேன். வெளிநாட்டவர் நான்கு என்பதை ஐந்தாக்கினேன். உள்ளூர்க்காரர் ஆறு என்பதை ஐந்தாக்கினேன். அவர் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தலையிலிருந்து ஒரு சொட்டு போன் மேல் விழுந்தது, துடைத்துவிட்டேன்.

"மொத்தம் பத்துன்னே காட்டுது. பதினொண்ணு ஆவணும்ல?"



"மொத்தம் மாறாது, முருகேசன். உள்ளூர்க்காரர்னு நினைச்சு அவரை ஏற்கெனவே எண்ணியாச்சு."

"எப்ப?"

"முதல் நாளே."

அவர் அந்தப் பத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெனம் இதத்தான் படிச்சுக் காட்டுவேன். செத்தவங்க பத்து, கடத்துனது ஒண்ணுன்னு. பத்துன்னு சொன்ன ஒடனே அம்மா, 'யாரு பெத்த புள்ளைங்களோ, நல்லா இருந்திருக்க வேண்டியதுங்க'ன்னு சொல்லும். ஒருநா வுடாம சொல்லும்க்கா. அப்பறம் ஒண்ணுன்னு சொன்னா, 'நம்ம புள்ள அதுலதான இருக்கான்'னு கேட்டுக்கிட்டுத்தான் படுக்கப் போவும்."

காக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார்.

மேஜைமேல் இருந்த முருகேசனின் போன் அடித்தது. விடுமுறை நாளில் முருகேசன் சீக்கிரமே கூப்பிடுவார், அந்த நேரம் தாண்டிவிட்டதால் ஊரிலிருந்தே கூப்பிட்டிருக்கிறார்கள். ஈரக் கையில் அது வழுக்கி ஸ்பீக்கரில் விழுந்தது. ஒரு வயதான பெண் குரல் கடை முழுக்கக் கேட்கும்படியாகக் கேட்டது.

"இன்னிக்கு என்னப்பா போட்டுருக்கு?"

முருகேசன் போனை எடுத்துக் காதோடு சேர்த்து வைத்துக்கொண்டார்.

"அம்மா, கலாவக் கூப்புட்டு ஒம் பக்கத்துல உக்கார வெச்சுக்க" என்றார்.